ராக்கப்பன் இடுப்பில் கட்டிய துண்டு

ராக்கப்பனிடம் துண்டுக்குப் பஞ்சமில்லை. பெண்டாட்டி சின்னத்தாய் திருவிழாவுக்குத் திருவிழா வாங்கிப் போட்ட துண்டுகள் தொழிலாளர் லயத்து வீட்டுக் கொடியில் வரிசையாகக் காயும். ஆனால் தலைக்கென்று வாங்கிய துண்டு அவன் தலையில் இருந்ததை நரிப்பாறை எஸ்டேட்டில் பார்த்தவர்கள் குறைவு. காலையில் வாசலை விட்டு இறங்கும்போது பெண்டாட்டி பார்க்கிறாளே என்று சுற்றிக்கொண்டு போவான். ஆபீஸ் வளைவு வந்ததும் கை தானாக மேலே போகும், துண்டு அவிழ்ந்து இடுப்புக்கு வந்துவிடும். பொழுது சாய்கிறவரை அது இடுப்பில்தான் கிடக்கும்.

மற்றவர்கள் துண்டை எங்கே கட்டினால் என்ன என்று விட்டுவிடலாம். ராக்கப்பன் சங்கதி வேறு. அவன் பிறவியிலேயே வெள்ளை. போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து தேயிலை நட்ட குடும்பம். அப்பனும் ஆத்தாளும் நல்ல கருப்பு. அவர்களுக்கு இவன் மட்டும் உரித்த வெங்காயம் மாதிரி வந்து பிறந்தான். தலைமுடி சோளக்கதிர் நார் போல இருக்கும். இமைமயிர்கூட வெள்ளைதான். வெளிச்சத்தில் கண்விழி நிலைகொள்ளாமல் ஆடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் எதையும் பார்ப்பான். லயத்துக்காரர்கள் அவனுக்குத் தொரை என்றே பேர் வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறும்போது ஒரு சாமானை மறந்து வைத்துவிட்டுப் போனான், அதுதான் நம்ம ராக்கப்பன் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சின்னத்தாய்க்குத்தான் சிரிப்பு வராது.

வயசு வந்த புதிதில் மற்ற ஆண்களோடு தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டப் போனான். ஒருநாள் வெயிலுக்கே தோள் முழுக்கக் கொப்புளம். அதற்குப் பிறகு அவனைக் காட்டு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. கெஸ்ட் பங்களாவில் விறகு பிளக்க, வெந்நீர் வைக்க என்று விட்டார்கள். ரோடு நன்றாகப் போட்டபிறகு கோடைக்குக் கோடை டூரிஸ்டுகள் வரத் தொடங்கினார்கள். அவர்களைக் காற்றுப்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊர் காட்டுகிற வேலையும் அவன் தலையில் விழுந்தது. பாறைமேல் நின்று கையை நீட்டி, "அந்தா தெரியுதுல்ல, அதுதான் போடி. அதுக்கு அங்கிட்டு மினுங்குறது கம்மாய்த் தண்ணி" என்று சொல்லுவான். அவன் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது.

"தெரியாததை எப்படிச் சொல்றீக?" என்று சின்னத்தாய் ஒருதடவை கேட்டாள்.

"மத்தவுக பாத்துட்டுச் சொல்றாக, நான் கேட்டுட்டுச் சொல்றேன். போடி என்ன, எந்திரிச்சு நடந்தா போயிரப் போகுது?"

பாறைக்குப் போகிற பாதையில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலைதான். அந்த மலையின் வெயில் இருக்கிறதே, அது கள்ள வெயில். கீழே ஊரில் வெயில் அடித்தால் உடம்பு வேர்த்துச் சொல்லிவிடும். இங்கே காற்று சில்லென்று அடித்துக்கொண்டே இருக்கும், தோல் வெந்துகொண்டே இருக்கும். மேகம் மூடினாலும் அது விடாது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இது தெரியும். அதனால்தான் சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையை மூடிக் கட்டி, இடுப்புக்குக் கெட்டித் துணியில் படங்கு சுற்றிக்கொண்டு காட்டில் இறங்குவார்கள்.

ராக்கப்பன் மூடமாட்டான். எஸ்டேட் மேனேஜர் தொரையின் முன்னால் தலையில் துணி இருக்கக்கூடாது என்று அவன் அப்பன் சொல்லிக்கொடுத்திருந்தான். தொரைக்கு உள்ள மரியாதை தொரையின் விருந்தாளிக்கும் உண்டு என்று பங்களா பட்லர் பெரியமுத்து சொல்லிக்கொடுத்திருந்தார். தொப்பி போடலாமே என்றால் அது இன்னும் மோசம். தொப்பி என்பது சூப்பர்வைசரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் போடுவது. விறகு பிளக்கிறவன் தொப்பி போட்டால் எஸ்டேட்டே கைகொட்டும்.

இப்படி மூடாமல் வெயிலில் அலைந்த தலையில், வலது காதின் மேல்விளிம்பில், ஒருநாள் நெல் உமி ஒட்டின மாதிரி ஒரு செதில் வந்தது. உதிர்ந்தது. திரும்ப வந்தது. பிறகு அது புண்ணாகி, ஓரம் தடித்து, நடுவில் பள்ளம் விழுந்தது. தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக ரத்தம். சின்னத்தாய் அவனை இழுத்துக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனாள். கம்பவுண்டர் வேதமுத்து ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். மழைக்காலம் முழுக்க ஊதாக் காதோடு திரிந்தான். பனிக்காலமும் போயிற்று. புண் ஆறவில்லை.

"இது ஆறவே மாட்டேங்குதே கம்பவுண்டரையா" என்றாள் சின்னத்தாய்.

"சொறிஞ்சிருப்பான். கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லு."

"அவுக சொறியல. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீ புருஷன் காதையே பாத்துக்கிட்டிருந்தா கொழுந்து எப்பப் பறிப்ப?"

மருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சின்னத்தாய் ஊதாப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு வாய் ஓயவில்லை. கேட்க ஆள் இல்லாததால் தேயிலைச் செடியிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த வருஷம், கோடை லீவுக்குக் கொல்லங்கோட்டுப் பக்கம் கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் அம்பாசடர் காரில் வந்து இறங்கியது. நெல்லும் கடலையும் விளைகிற பண்ணைக்காரர் பொங்கியண்ணன், அவர் சம்சாரம் கமலாத்தாள், புதிதாய்க் கல்யாணமான மகளும் மருமகனும். மறுநாள் நல்ல உச்சிவெயிலில் ராக்கப்பன் அவர்களைப் பாறைக்கு நடத்திக்கொண்டு போனான். பாதையோரத்துத் தேயிலை நிரையில் சின்னத்தாய் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். புருஷனுடைய துண்டு இடுப்பில் தொங்குவதைப் பார்த்தாள். விருந்தாளிகள் முன்னால் அவனை வையமுடியாது. அவர்களிடமாவது சொல்லலாம் என்று குரல் கொடுத்தாள்.

"அம்மா, முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கங்க. வெயில் பொசுக்கிரும்."

பொங்கியண்ணன் நின்று சிரித்தார். "ஏனம்மிணி, இதெல்லாம் ஒரு வெயிலா? சித்திரையில எங்க கடலைக்காட்டுக்கு வந்து பாரு, மண்டை பொளந்துரும். இங்க சுவெட்டர் போட்டும் குளுருது."

"குளுருறது காத்துங்கய்யா. வெயில் வேற."

"செரி செரி, நீ கொழுந்தைப் பாரு."

மருமகன் பாறைமேல் கையில்லாத பனியனோடு நின்று விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டான். இருட்டுவதற்கு முன்பே பலன் தெரிந்தது. மகளுக்குக் கன்னமும் மூக்கும் பிடரியும் தீப்பட்ட மாதிரி ஆகிவிட்டன. மருமகனால் தோளில் துணி போட முடியவில்லை. பங்களாவில் பெண்ணாள் இல்லாததால் பட்லர் சின்னத்தாயைக் கூட்டிவரச் சொன்னார். அவள் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டபடியே முணுமுணுத்தாள்.

"அப்பவே சொன்னேன்ல தாயி. மாநிறத்துத் தோலுக்கே இந்தக் கதி."

"சொன்னதுதானுங்க" என்றாள் கமலாத்தாள். "எங்கூட்டுக்காரரு நாஞ் சொன்னாலே கேக்கறதில்ல. நீ சொன்னா கேட்டுருவாங்களா?"

அந்த நேரத்தில் ராக்கப்பன் விறகோடு உள்ளே வந்து கணப்படுப்புப் பக்கம் குனிந்தான். நெருப்பு வெளிச்சம் காதில் விழுந்தது. கமலாத்தாள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க. அந்தக் காது எத்தனை நாளா அப்படி இருக்குது?"

"அது கெடக்குதும்மா. கம்பவுண்டரு மருந்து போடுறாரு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

கமலாத்தாள் சின்னத்தாயைச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அம்மிணி, எங்க நங்கையா, அதான் எங்கூட்டுக்காரரு அக்கா, அவங்க மகன் ஒருத்தன் இதே நெறம். அவனுக்கு மூக்கோரத்துல இத்தனூண்டு வந்துச்சு. ஆறுன மாதிரி இருக்கும், மறுக்காத் தடிக்கும், தொட்டா ரத்தம். தேங்காயெண்ணெய் போட்டோம், வேப்பிலை அரைச்சுப் போட்டோம். கோயமுத்தூருக்குக் கொண்டுபோறப்பக் கழுத்துல கட்டி வந்துருச்சு. தோல்ல வர்ற புத்துநோயின்னாங்க. இந்த நெறத்துக்கு வெயிலே ஆகாதாமா. மொதல்லயே வந்திருந்தா வெட்டி எறிஞ்சிருப்பேனேன்னு டாக்டரு எங்களையெல்லாம் வைதாரு. வைது என்ன பண்றது, பையன் போயிட்டான். நீ ஊதா மருந்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காத. நாளைக்கே கூட்டிட்டுப் போ."

சின்னத்தாய்க்குக் கையிலிருந்த ஈரத்துணி சொட்டுவதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கஞ்சியைக் குடித்து முடித்து, கும்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்.

"சீசன் முடியட்டும் புள்ள. இப்பப் போனா பட்லரு வேற ஆள வச்சிருவாரு."

"காது போனா வேற காது வைப்பாரா?"

"காது எங்க போகப் போகுது?"

"கழுத்துக்கு எறங்கிரும்னாக அந்தம்மா."

"அந்தம்மா டாக்டரா?"

"நம்ம கம்பவுண்டரு மட்டும் டாக்டரா? தலையில துணியாவது கட்டுங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்."

"தொரை முன்னாடி எப்படிக் கட்டுறது? எங்கப்பன் கட்டுனாரா?"

"உங்கப்பன் கருப்பு."

அவன் துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டான். சின்னத்தாய்க்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் சுவர் கம்பெனிக்காரனுடையது.

காலையில் அவள் பட்லரிடம் போய், புருஷன் தலையில் துண்டு கட்ட விடுங்கள் என்று கேட்டாள். பெரியமுத்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இது தொரை உத்தரவு. நானா மாத்த முடியும்?" என்றார். அவ்வளவுதான். சின்னத்தாய் அன்றைக்கு நிரையில் இறங்கவில்லை. கூடையும் படங்குமாக ஆபீஸ் வளைவில் தொரையின் ஜீப்புக்காகப் போய் நின்றாள். ஜீப் வந்தது. அவள் ஒதுங்கவில்லை. ஜீப்தான் நின்றது.

அப்போதிருந்த தொரை கோட்டயத்துக்காரர். தலையை நீட்டி, "எந்தா அம்மா, என்ன விஷயம்?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு தலையில துண்டு கட்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டீகளாய்யா?"

"யாரு? ராக்கப்பனா? நான் ஏன் போடறேன்?"

"பட்லரய்யா சொன்னாரு."

தொரை ஆளனுப்பிப் பட்லரை வரவழைத்தார். பெரியமுத்து வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பெரிய தொரை காலத்து உத்தரவுங்கய்யா" என்றார். பெரிய தொரை என்றால் கடைசியாக இருந்த வெள்ளைக்காரர். அவர் சீமைக்குப் போய், அங்கேயே செத்தும் போனார் என்று எஸ்டேட்டுக்கே தெரியும்.

சின்னத்தாய் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போனவனுக்குக் காட்டுகிற மரியாதைக்காகவா இவ்வளவு காலம் தலையைக் காயப்போட்டார் இந்த மனுஷன்? உயிரோடு இருக்கிற தொரையை ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவள் காதையும் புண்ணையும் கமலாத்தாள் சொன்னதையும் அங்கே வைத்தே கொட்டித் தீர்த்தாள். தொரை வாட்ச்சைப் பார்க்காமல் கேட்டார், அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். "வேகம் கொண்டுபோ. ஜீப் போடிமெட்டு வரைக்கும் விடும்" என்றார். ராக்கப்பன் தொரை சொல்லைத் தட்டமாட்டான். பெண்டாட்டி சொல்லி அசையாத மனுஷன், அந்த ஒரு சொல்லுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினான். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காதின் மேல்பாதியையும் பின்னால் கொஞ்சம் தோலையும் வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, அது தோலில் வருகிற புற்றுதான் என்று உறுதியாகச் சொன்னார்கள். பெரிய டாக்டர் நல்ல மனுஷர், இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"வெட்டின இடத்துல மிச்சம் இல்ல. கழுத்துக்கும் எறங்கல. ஆனா இத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. வெயிலத் தாங்குற சாயம் இவர் தோல்ல கிடையாது. மூஞ்சி, உதடு, கழுத்து, கை எங்கயாவது ஆறாத புண்ணோ, தடிச்சு ரத்தம் கசியுற செதிலோ, புதுசா வளர்ற மருவோ கண்டா உடனே வரணும். மேகமா இருந்தாலும் மூடித்தான் வெளிய போகணும்."

"எங்க நெறத்துக்கும் வருமாய்யா?" என்று சின்னத்தாய் கேட்டாள்.

"ரொம்பக் குறைவு. வரவே வராதுன்னு சொல்லமாட்டேன். ஆறாத புண்ணு யாருக்கு வந்தாலும் காட்டணும்."

அவள் ஒவ்வொரு சொல்லையும் மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். மலைக்குத் திரும்பினார்கள். தொரையே நேரில் கூப்பிட்டு, இனி துண்டைக் கழற்றவேண்டாம் என்று சொன்னார். ராக்கப்பன் தலையை ஆட்டினான். விஷயம் தீர்ந்தது என்று சின்னத்தாய் நிரைக்குப் போனாள்.

அன்று மத்தியானமே ஜீப் சத்தம் கேட்டது. பாதையில் போய்க்கொண்டிருந்த ராக்கப்பனுடைய கை மேலே போனது. துண்டு இடுப்புக்கு வந்தது.

அவள் நிரையில் நின்றபடியே பார்த்தாள். கையில் கிள்ளியிருந்த கொழுந்து கசங்கிப்போனது. அறுத்த காது, போன ஜீப், மதுரை வராந்தாவில் கிடந்த கிடை எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டன. யாரிடம் சொல்லி அழுவது? பட்லரைத் திட்டலாம், கம்பவுண்டரைத் திட்டலாம். இதில் யாரைத் திட்டுவது?

சாயங்காலம் கேட்டாள். "தொரையே கட்டிக்கச் சொல்லிட்டாருல்ல?"

"ஆமா."

"பெறகு எதுக்கு எடுத்தீக?"

"நான் எடுக்கல புள்ள. கை எடுத்துருது." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் பெட்டியைக் குடைந்து தன் கருநீலச் சேலையைக் கிழித்தாள். ஒரு முழுக்கைச் சட்டையின் காலரோடு சேர்த்து, தலை முழுவதும் காதோடு உள்ளே அடங்குகிற மாதிரி ஒரு துணிக்கூட்டைத் தைத்தாள். நெற்றிக்கு மேல் கூரை விளிம்பு மாதிரி நீட்டி நிற்கப் பழைய படங்குத் துண்டை உள்ளே வைத்து மடித்தாள். தையல் ஒவ்வொன்றும் கோணிமூட்டைத் தையல். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"இது யாருக்குடி? புருஷனுக்கா, கரடிக்கா?"

"ரெண்டு காதும் முழுசா இருக்கிறவுக சிரிங்க" என்றாள் சின்னத்தாய், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ராக்கப்பன் போடமாட்டேன் என்றுதான் சொன்னான். "தொப்பின்னு நெனைப்பாக" என்றான்.

"தொப்பி இல்ல, சட்டை."

"துண்டுன்னு நெனைப்பாக."

"துண்டும் இல்ல, சட்டைதான். சட்டையக் கழட்டிட்டு நிக்கச் சொல்லி எந்தத் தொரையும் சொன்னதில்லையில்ல? போடுங்க."

ராக்கப்பன் அதை ஒருதடவை உதறிப் பார்த்தான். போட்டான். பட்லர் பார்த்துவிட்டு, "இது என்னய்யா கோலம்?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கும் ஜீப் வந்தது. ராக்கப்பனுடைய கை பழக்கத்துக்கு மேலே போய் நீலத்துணியைப் பிடித்து இழுத்தது. துணி வரவில்லை. சட்டைதான் மேலே ஏறியது. வெள்ளை வயிறு வெளியே தெரிய, ஒரு கையால் தலையையும் ஒரு கையால் சட்டை நுனியையும் பிடித்துக்கொண்டு அவன் நடுப்பாதையில் திண்டாடினான். தொரை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விடு ராக்கப்பா, மதி, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிரையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனைப் பார்த்து ஊர் சிரித்தபோது சின்னத்தாயும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு ஒருதடவைதான்.

கை அடங்கச் சில வாரம் பிடித்தது. அடங்கியது. ஆனால் டூரிஸ்டுகள் அடங்கவில்லை. தலையை மூடிக்கொள்ளுங்கள், கையை மூடிக்கொள்ளுங்கள் என்று ராக்கப்பன் பங்களா வாசலிலேயே சொல்லுவான். அவனுடைய நீலத் தலையைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். முதலில் எல்லாம் காதைக் காட்ட அவனுக்குக் கூச்சம். "காட்டுங்க, வெட்டுனது தெரியட்டும்" என்று சின்னத்தாய் வீட்டில் நச்சரித்தாள். ஒருநாள் திருச்சூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் அளவுக்கு மீறிக் கேலி செய்தபோது, அவன் துணியை லேசாக ஒதுக்கி, பாதிக் காதைக் காட்டினான்.

"நானும் சிரிச்சவன்தான்" என்றான்.

சிரிப்பு நின்றது. பெண்கள் முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் கைக்குட்டையை விரித்துத் தலையில் கட்டினார்கள். வரிசையாக நடந்தார்கள். சின்னத்தாய்க்கு நிரையிலிருந்து பார்க்கக் கண் குளிர்ந்தது. எவ்வளவு நேரம்? முதல் வளைவு வரைக்கும்தான். குளிர்காற்று அடித்ததும் ஒருத்தி முந்தானையை இறக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கைக்குட்டைகள் பாக்கெட்டுக்குப் போயின.

"ஏ தாயி, தலையில போடு. போடுங்கய்யா, காத்த நம்பாதீக" என்று சின்னத்தாய் மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

தலைகள் திரும்பின. முந்தானைகள் அவசர அவசரமாக ஏறின. ராக்கப்பன் திரும்பாமலே அவர்களிடம் சொன்னான். "அது எங்க வீட்டுக்காரி. கேக்குற வரைக்கும் விடமாட்டா."

அடுத்த வளைவுக்கு அவள் குரல் எட்டாது. அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். சின்னத்தாய் கூடையைச் சரித்துப் போட்டுக்கொண்டு, யாரையோ வைதபடி கொழுந்தைக் கிள்ளினாள். இடையிடையே நிமிர்ந்து பார்த்தாள். மற்றத் தலைகள் என்ன ஆயினவோ, அந்த நீலத் தலை ஒன்று மட்டும் பாறைமேல் ஏறுகிறவரை மூடியபடியே போயிற்று.